கூட்டமாகப் பவளத்திட்டுக்கு டைவ் போவது: ஆள் சேர்ப்பதிலிருந்து விமானம் ஏறுவது வரை

நான் முதன்முதலில் பொறுப்பேற்று நடத்திய பயணத்தில், இரண்டாவது டைவ் முடிந்து படகு கிளம்பும் நேரத்தில் தலைகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். அதே பதினொன்று. வந்தது பன்னிரண்டு பேர். வயிற்றில் புளியைக் கரைத்தது. பன்னிரண்டாவது ஆள் கழிவறையில் இருந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தவர், எல்லாரும் ஏன் தன்னையே பார்க்கிறோம் என்று கேட்டார்.

சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஒரு படகு, அமெரிக்கத் தம்பதி இருவரை நீரிலேயே விட்டுவிட்டுக் கரை திரும்பியது. அவர்கள் வரவில்லை என்பதே இரண்டு நாள் கழித்து, படகில் கிடந்த அவர்களுடைய பையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. தேடியும் அவர்கள் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் வெறும் எண்ணிக்கையை நம்புவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

இதைப் படித்து டைவிங் கற்றுக்கொள்ள முடியாது, அதற்குப் பயிற்றுநர் வேண்டும். ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிய எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, கரையிலிருந்து தள்ளி இருக்கும் பவளத்திட்டுக்குப் போய் வர நினைப்பவருக்காக எழுதுகிறேன். நன்றாக டைவ் செய்யத் தெரிந்தவர் பலர் இருக்கிறார்கள். பத்துப் பேரைக் கடலில் இறக்கி, பத்துப் பேரையும் ஏற்றுவது வேறு வேலை. அதில் பாதி கரையிலேயே முடிந்துவிடும்.

1. யார் யார் வருகிறார்கள்

"சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். கேட்க வேண்டியது, "கடைசியாக எப்போது நீரில் இறங்கினீர்கள்?" என்பதுதான். ஐந்து வருடத்துக்கு முன் நான்கு டைவ் செய்து அட்டை வாங்கியவரும், போன மாதம் இருபது டைவ் செய்தவரும் தாளில் ஒரே ஆள். நீரில் அப்படி இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி விட்டவர், பயணத்துக்கு முன்பே நீச்சல் குளத்தில் ஒரு மீள்பயிற்சி எடுத்துவிட வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரை. அட்வான்ஸ்டு என்றால் 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40 மீட்டர். குழுவில் ஒரே ஒருவர் 18 மீட்டர்காரர் என்றால், நீருக்குள் அவரோடு கூடவே இருக்கும் ஜோடிக்கும் அன்றைக்கு 18 மீட்டர்தான். இதைப் பயணத்துக்கு முன்பே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். படகில் போய்ச் சொன்னால் முகம் கோணும்.

அப்புறம் மருத்துவப் படிவம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை, கர்ப்பம், சமீபத்திய நுரையீரல் தொற்று என எதற்காவது "ஆம்" போட்டால் மருத்துவரின் கையெழுத்து வேண்டும். இதைப் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். துறைமுகத்தில் வைத்து நிரப்பச் சொன்னால், பணம் கட்டிவிட்டோமே என்று எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிடுவார்கள். மனித சுபாவம் அது. டைவிங் விபத்துக்கான காப்பீடும் தனியாக எடுக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா வராது, அல்லது ஆழ வரம்போடு வரும்.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை: முன்பணம் வராத பெயர் பட்டியலில் இல்லை.

2. எந்தத் திட்டு, எந்த நாள்

பவளத்திட்டுகளைச் சார்லஸ் டார்வின் 1842இல் மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: கரையை ஒட்டியவை, கரையிலிருந்து கால்வாய் போன்ற ஆழ்நீரால் பிரிந்து நிற்கும் தடுப்புத் திட்டுகள், நடுவே காயலை வைத்துக்கொண்டு வட்டமாக நிற்கும் பவளத்தீவுகள். டைவருக்கு இந்தப் பிரிவு பாடப்புத்தக விஷயம் அல்ல. தடுப்புத் திட்டின் வெளிப்புறம் பெரும்பாலும் செங்குத்தாக இறங்கும். கீழே தரை கண்ணுக்குத் தெரியாது. ஏறாமல் இறங்காமல் ஒரே ஆழத்தில் மிதந்து நிற்கத் தெரியாதவர் அங்கே தன்னை அறியாமலே கீழே போய்க்கொண்டிருப்பார். பவளத்தீவின் வாய்க்கால்களில் ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டம் ஆற்று வெள்ளம் போல ஓடும். சுறாக்களும் திருக்கைகளும் அங்கேதான் கூடும் என்பதால் ஆசை வரும். கலவையான அனுபவம் உள்ள குழுவுக்கு முதல் நாளில் அது வேண்டாம். 5 முதல் 18 மீட்டருக்குள் சரிவாக இறங்கி, அடியில் மணல் இருக்கும் திட்டுதான் நல்ல தொடக்கம். வண்ணமும் மேலேதான். நீர் சிவப்பு நிறத்தை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். 25 மீட்டரில் எல்லாம் நீலச் சாம்பல்.

தேதி குறிக்கும்போது நிலவைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும், நீரோட்டமும் வேகம். வளர்பிறை, தேய்பிறை நடுவே அரைநிலா நாட்களில் கடல் அடங்கி இருக்கும். புயல் காலத்தைத் தவிர்ப்பது எல்லாரும் அறிந்ததுதான். வெப்ப காலத்தின் உச்சியையும் கொஞ்சம் யோசியுங்கள்: வழக்கமான உச்ச வெப்பத்தை விட 1 டிகிரி கூடி, அது வாரக்கணக்கில் நீடித்தாலே பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுக்கத் தொடங்கும். உலகளாவிய நான்காவது வெளுப்பு 2024 ஏப்ரலில் உறுதிசெய்யப்பட்டது. வெளுத்த பவளம் இன்னும் சாகவில்லை, ஆனால் பட்டினியில் இருக்கிறது. அந்த நேரத்தில் பத்து ஜோடித் துடுப்புகள் அதன் மேல் மணலை வாரி இறைக்க வேண்டாம்.

தினமும் கரைக்குத் திரும்பும் படகா, படகிலேயே தங்குவதா? புதியவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் நான் கரைக்குத் திரும்புவதையே எடுப்பேன். கடல் ஒத்துக்கொள்ளாத ஒருவர் ஐந்து நாள் படகில் மாட்டிக்கொண்டால் அவருக்கும் நரகம், மற்றவர்களுக்கும் நரகம்.

3. படகுக்காரரிடம் கேட்க வேண்டியவை

இங்கே கூச்சமே கூடாது. நல்ல நிறுவனம் கேள்விக்குக் கோபப்படாது.

முதலில், விபத்து நேர்ந்தால் முதலுதவிக்குக் கொடுக்கும் ஆக்சிஜன். "இருக்கிறது" என்ற பதில் போதாது. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு படகில் பச்சைப் பெட்டி கம்பீரமாக மாட்டியிருந்தது. திறந்தால் சிலிண்டர் இருந்தது, முகமூடி இல்லை. அப்புறம் அளவைக் கணக்குப் போடுங்கள். 2 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 400 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் 27 நிமிடம்கூட வராது. கரை இரண்டு மணி நேரத் தொலைவு என்றால் ஒருவருக்கே 1800 லிட்டர் வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னதும் சில படகுக்காரர்கள் இன்னொரு பெரிய சிலிண்டரை ஏற்றிவிடுவார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். இரண்டாவது வகையோடு போக வேண்டாம்.

அடுத்து, எல்லாரும் நீரில் இருக்கும்போது படகில் மேலே யார் இருப்பார்? இயந்திரத்தை இயக்கத் தெரிந்த ஒருவராவது மேலே கண் வைத்திருக்க வேண்டும். ரேடியோ வேலை செய்கிறதா, ஆள் கணக்கை எப்படி எடுப்பார்கள், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை டைவர்கள் என்றும் கேளுங்கள். என் விருப்பம் நான்கு, மிஞ்சிப்போனால் ஆறு. அருகில் உள்ள அழுத்த அறை, அதாவது டைவர்களுக்கு மறு அழுத்த சிகிச்சை தரும் மருத்துவ வசதி, எங்கே இருக்கிறது, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

இரவு தங்கும் படகு என்றால் இன்னும் இரண்டு. 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் கலிஃபோர்னியா கடலில் கன்செப்ஷன் என்ற டைவ் படகு தீப்பிடித்து 34 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் கீழ்த்தளப் படுக்கைகளில் இருந்தவர்கள். இரவில் சுற்றிப் பார்க்கும் காவல் இல்லை. ஆகவே, ராத்திரி யார் விழித்திருப்பார் என்று கேளுங்கள். படுக்கை அறையிலிருந்து வெளியேறும் இரண்டாவது வழியைக் காட்டச் சொல்லி, முதல் நாளே எல்லாரும் ஒருமுறை அதன் வழியாக ஏறிப் பாருங்கள். கேமரா, டார்ச் பேட்டரிகளை ஆள் தூங்கும் நேரத்தில் சார்ஜில் போட வேண்டாம்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

வாடகைக்கு எடுக்கக்கூடியவை: சிலிண்டர், எடைகள், காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மிதவை ஜாக்கெட், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர். சொந்தமாக இருக்க வேண்டியவை: முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், ஆழத்தையும் நேரத்தையும் வைத்து இன்னும் எவ்வளவு நேரம் பாதுகாப்பாக இருக்கலாம் என்று காட்டும் டைவ் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று. "ஜோடிக்கு ஒன்று போதும்" என்பது இரண்டு பேரும் நூலளவு பிசகாமல் ஒரே ஆழத்தில் நீந்தினால் சரி. யாரும் அப்படி நீந்துவதில்லை.

அதோடு ஆளுக்கொரு அடையாளக் குழாய், அதாவது நீருக்கடியிலிருந்து காற்றடித்து மேலே விடும் ஆரஞ்சு நிறக் குழாய், ஒரு விசில். அலைக்கு நடுவே மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான். நூறு மீட்டருக்கு அப்பால் படகிலிருந்து கண்டுபிடிப்பது கடினம். நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சுக் குழாய் தெரியும். எடுத்துப்போனால் மட்டும் போதாது. குளத்தில் இரண்டு முறை விட்டுப் பழக வேண்டும், இல்லாவிட்டால் அது ஆளையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு போகும்.

புது மாஸ்க் என்றால் கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசை போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்; தொழிற்சாலையில் படிந்த படலம் போகும் வரை அது பனிமூட்டம்தான். கையுறை வேண்டாம். கையுறை போட்டவர் எதையாவது பிடிப்பார். சன்ஸ்கிரீன் விஷயத்தில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்ததைத் தவிருங்கள். ஹவாய் 2021 முதல் அவற்றின் விற்பனைக்கே தடை போட்டுவிட்டது. முழுக்கைச் சட்டை இன்னும் எளிது.

5. முதல் டைவ் மணலில்

எவ்வளவு அனுபவசாலிகள் என்றாலும் முதல் டைவ் பவளத்தின் மேல் கூடாது. 6 மீட்டர் ஆழ மணல் தரை போதும். அங்கே பார்க்க வேண்டியது எடை. ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல், சாதாரணமாக மூச்சை இழுத்துப் பிடித்து மேற்பரப்பில் நிமிர்ந்து நின்றால், நீர் கண் மட்டத்துக்கு வர வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது லேசாகி மிதக்கத் தொடங்கும் என்பதால், சிலிண்டர் நிறைந்திருக்கும்போது பார்த்தால் சுமார் 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோர் பயத்தில் எடையைக் கூட்டித்தான் கட்டிக்கொள்கிறார்கள். எடை கூடினால் ஜாக்கெட்டில் காற்று கூட வேண்டும்; ஒரு மீட்டர் ஏறினாலும் அந்தக் காற்று விரிந்து இழுக்கும், இறங்கினால் சுருங்கி ஆளை அழுத்தும். நாள் முழுக்க அந்த ஆள் பொத்தானோடு மல்லுக்கட்டுவார். ஒரு நண்பர் 10 கிலோ கட்டிக்கொண்டு வந்தார். மணலில் ஒவ்வொரு கிலோவாகக் கழற்றி 6க்குக் கொண்டுவந்தோம். அடுத்த டைவில் அவர் பவளத்துக்கு ஒரு முழம் மேலே, கையைக் கட்டிக்கொண்டு, மூச்சை மட்டும் வைத்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அதற்கு முன் அவர் அசையாமல் நின்று நான் பார்த்ததே இல்லை.

6. ஜோடி சேர்ப்பதும் காற்றுக் கணக்கும்

கணவன் மனைவி என்பதற்காகவோ, அறை நண்பர்கள் என்பதற்காகவோ ஜோடி சேர்க்காதீர்கள். காற்று எடுக்கும் வேகத்தை வைத்துச் சேருங்கள்.

12 லிட்டர் சிலிண்டர், 200 பார். 50 பாரோடு மேலே வர வேண்டும் என்பதால் செலவழிக்கக் கிடைப்பது 150 பார், அதாவது 1800 லிட்டர். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு பார் அழுத்தம் கூடும். 20 மீட்டரில் மூன்று மடங்கு. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் எடுப்பவர் அங்கே 45 லிட்டர் எடுப்பார்: 40 நிமிடம் வரும். 25 லிட்டர் எடுப்பவருக்கு 75 லிட்டர்: 24 நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த இருவரையும் ஜோடியாக்கினால் ஒருவர் அரைகுறை டைவோடு வருவார், இன்னொருவர் குற்ற உணர்ச்சியில் 50 பாருக்குக் கீழேயும் சொல்லாமல் இருப்பார். அந்த இரண்டாவதுதான் ஆபத்து. அதிகம் எடுப்பவர்களை ஒன்றாகச் சேர்த்து 10 மீட்டரில் விடுங்கள். அதே 1800 லிட்டர் அங்கே 36 நிமிடம் வரும், பார்க்கவும் நிறைய இருக்கும்.

கேமராக்காரர்களை ஒருவரோடு ஒருவர் சேருங்கள். வேறு யாரும் அவர்களோடு பொறுமையாக இருக்க முடியாது.

இறங்குவதற்கு முன் பேச்சில் இவை கட்டாயம் வர வேண்டும்: அதிகபட்ச ஆழம், நேரம், எத்தனை பாரில் திரும்புவது (நான் 100 என்பேன்), நீரோட்டம் எந்தப் பக்கம், ஜோடி பிரிந்தால் என்ன செய்வது. கடைசிக்குப் பதில் எளிது. ஒரு நிமிடம் சுற்றிலும் மேலும் கீழும் பாருங்கள், காணவில்லை என்றால் முறைப்படி மேலே வாருங்கள். இன்னொருவரும் அதையே செய்வார், மேலே சந்திப்பீர்கள். சைகைகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் "மேலே போகலாம்" என்று அர்த்தம், "நல்லா இருக்கு" அல்ல. இதைக் குழப்பிக்கொள்ளாத புதியவரே இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் "இந்த டைவ் எனக்கு வேண்டாம்" என்று சொல்லலாம். படியில் நிற்கும்போதும் சொல்லலாம், 15 மீட்டரிலும் சொல்லலாம். அதன் பிறகு யாரும் கேலி செய்யக் கூடாது. குழு என்றாலே ஒரு மௌனமான நெருக்கடி உண்டு. மற்ற ஒன்பது பேர் காத்திருக்கிறார்களே என்று, மூக்கடைப்போடு இறங்குபவர்கள் இருக்கிறார்கள். அதனால் பயணத் தலைவரே ஒரு டைவை விட்டுக்கொடுத்து முதலில் காட்டுவது நல்லது. நான் இரண்டாம் நாள் காலையில் அப்படிச் செய்வேன். தூக்கம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் படகில் உட்கார்ந்துவிடுவேன். அன்று மாலைக்குள் இன்னும் ஒருவராவது வாயைத் திறப்பார்.

7. நீருக்குள்

இறங்கும்போது காது. முதல் 10 மீட்டரில்தான் அழுத்தம் இரட்டிப்பாகிறது, ஆகவே அங்கேதான் மெதுவாகப் போக வேண்டும். வலிக்கும் வரை காத்திருக்காமல் ஒவ்வொரு அடிக்கும் சமன் செய்யுங்கள். அடைத்தால் ஒரு மீட்டர் ஏறி மறுபடி முயலுங்கள். சளி மாத்திரை போட்டு இறங்க வேண்டாம். மருந்தின் வேகம் ஆழத்தில் இருக்கும்போது குறைந்தால், ஏறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும்.

நீரோட்டத்தை எதிர்த்துத் தொடங்கி, அதோடு சேர்ந்து திரும்புங்கள். திசை தெரியாவிட்டால் மீன்களைப் பாருங்கள். கூட்டமாக நிற்பவை ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கும். ஜோடிகள் ஒன்றன் பின் ஒன்றாக, பவளத்தை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு போனால் முட்டல் மோதல் இல்லை. அசையாமல் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். காதில் ஒரு நறநறப்பு கேட்கும், யாரோ பொரி தின்கிற மாதிரி. அது கிளிமீன் பாறையைச் சுரண்டுவது. கொஞ்சம் கழித்து அதன் பின்னாலிருந்து வெள்ளை மணல் புகை போல விழும். திட்டைச் சுற்றியுள்ள மணலில் கணிசமான பங்கு அப்படி வந்ததுதான்.

பந்து வடிவப் பவளங்கள் வருடத்துக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வது அபூர்வம். பல அதற்கும் குறைவு. ஒரு துடுப்பு உதையில் போவது எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பவளத்தின் மேலே இருக்கும்போது தவளை உதை போதும்.

ட்ரிகர்ஃபிஷ் எனப்படும் பெரிய கிளாத்தி மீன் கூடு காக்கும் காலத்தில் துரத்தும், கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவம். மேலே தப்ப நினைத்தால் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். துடுப்பை அதன் பக்கம் நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் விலகுங்கள்.

ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்ட வேண்டாம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். எந்த நிலையிலும் மூச்சைப் பிடிக்காதீர்கள்.

8. மீண்டும் படகில்

பெயர்ப் பட்டியலை ஒருவர் வாசிக்க வேண்டும், ஒவ்வொருவரும் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். நண்பனுக்காக "இருக்கான், இருக்கான்" என்று யாரும் குரல் கொடுக்கக் கூடாது. பதில் சொல்லும்போதே மீதிக் காற்றையும் ஆழத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்வேன். மனம் வேறெங்கோ இருப்பவர் அதில் பிடிபட்டுவிடுவார். படகில் இருந்து கண்காணித்தவரும் தன் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகே நங்கூரத்தைத் தூக்க வேண்டும்.

இரண்டு டைவுக்கு நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி, நிழல், தண்ணீர். பவளக் கீறலைச் சாதாரணமாக விடாதீர்கள். நல்ல நீரில் கழுவி, சிறு துகள்களை எடுத்து, கிருமிநாசினி போடுங்கள். சிங்கமீன், கல்மீன் முள் குத்தினால், குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், சுமார் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். முதலில் காயம் படாத கையால் சூட்டைப் பாருங்கள், வலியில் வெந்துபோவது தெரியாது. அப்புறம் மருத்துவர், கல்மீன் என்றால் தாமதமே கூடாது.

டைவ் முடிந்த பிறகு மூட்டு வலி, தோலில் திட்டுத்திட்டான நிறமாற்றம், கை கால் மதமதப்பு, வழக்கத்துக்கு மாறான அசதி என எது வந்தாலும் "தசைப்பிடிப்பாக இருக்கும்" என்று தள்ளிப்போட வேண்டாம். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் குறையும்போது குமிழியாவதால் வரும் நோயாக இருக்கலாம். படுக்க வைத்து, தூய ஆக்சிஜன் கொடுத்து, கரைக்கும் அழுத்த அறைக்கும் தகவல் சொல்லுங்கள். ஆக்சிஜன் கொடுத்து வலி குறைந்தாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். வலி சரிசெய்வதற்காக மறுபடி நீரில் இறங்குவது கூடவே கூடாது.

9. கிளம்பும் நாள்

உயரத்தில் அழுத்தம் குறைந்தாலும் அதே குமிழி ஆபத்துதான். ஆகவே ஒரே ஒரு டைவ் செய்தவர் விமானம் ஏற 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்களுக்குக் குறைந்தது 18 மணி நேரம். நான் ஒரு முழு நாளாக வைத்துக்கொள்கிறேன், ஏனெனில் யாராவது ஒருவர் கடைசி நாளில் "ஒரே ஒரு டைவ்" என்று கேட்பார். மலைப்பாதை வழியாக ஊர் திரும்புவதும் உயரம் ஏறுவதுதான். அதையும் கணக்கில் எடுங்கள்.

அந்தக் காலி நாள் கழுவுவதற்கு. ரெகுலேட்டரின் தூசி மூடியைத் துடைத்து உலர்த்தி, இறுக மூடிய பிறகே தண்ணீரில் போடுங்கள். மூடாமல் நனைத்தால் உள்ளே நீர் போய்ப் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டி வரும். நனைந்திருக்கும்போது ஊதுவாய்ப் பக்கத்துப் பொத்தானையும் அழுத்த வேண்டாம். ஜாக்கெட்டின் உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றி, குலுக்கி, தலைகீழாகக் கவிழ்த்து வடியுங்கள். பாதிக் காற்றடித்து நிழலில் தொங்கவிடுங்கள். பத்து ஜாக்கெட்டும் ஒரே நிறத்தில் இருக்கும், ஆகவே கழுவுவதற்கு முன்பே பெயர் எழுதிய துணியைக் கட்டிவிடுங்கள்.